தரை டிக்கெட்டில் கூடிய பஞ்சாயத்து

தமிழ் சினிமா போஸ்டர்களில் ஒரு காலத்தில் தவறாமல் இடம்பிடித்த சொல் 'தாய்க்குலம்'. தாய்க்குலத்தின் பேராதரவோடு இத்தனையாவது நாள், இத்தனையாவது வாரம் என்று போடுவார்கள். பெண்கள் படம் பார்த்தார்கள், காசு கொடுத்தார்கள், கூட்டமாக வந்தார்கள் என்பதற்கு அந்தப் போஸ்டர்கள் சாட்சி. பார்த்துவிட்டு அவர்கள் என்ன பேசினார்கள் என்பதற்கு அச்சில் சாட்சி தேடினால் கைக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

இந்த இடைவெளி ஆரம்பத்திலேயே விழுந்துவிட்டது. இந்தியாவில் சினிமாவின் நிலையை ஆராய ஆங்கில அரசு 1927இல் ஒரு குழுவை அமைத்தது. தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். ஊர் ஊராகப் போய்ச் சாட்சிகளை விசாரித்து 1928இல் அறிக்கை கொடுத்த அந்தக் குழுவின் உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஆண்கள். படம் பார்ப்பதால் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் என்ன கெடுதல் வரும் என்ற கவலை அந்தக் காலத்து விவாதங்களில் நிறையவே உண்டு. கவலைப்பட்டவர்களுக்குப் பெண் ஒரு பார்வையாளர். அபிப்பிராயம் உள்ளவர் என்ற நினைப்பு இல்லை. பிற்பாடு வந்த பத்திரிகை விமர்சனங்களைப் பெரும்பாலும் ஆண்கள் எழுதினார்கள். ஆய்வாளர்கள் வந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியது. எம்.ஜி.ஆர். என்ற பிம்பம் ஏழை மக்களிடம் எப்படி வேலை செய்தது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வந்த தன் புத்தகத்தில் ஆராய்ந்தார். மதுரையின் உழைக்கும் மக்களோடு பழகி, சினிமா அவர்களுக்கு என்னவாக இருக்கிறது என்று கேட்ட சாரா டிக்கியின் புத்தகம் 1993இல் வந்தது. இவற்றைப் படித்த பிறகும் எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. படம் விட்டு வீட்டுக்கு நடந்து வரும் வழியில் பெண்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதற்கு வரலாற்றில் என்ன பெயர்?

நான் திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவள். வரலாறு படித்து, வரலாறே சொல்லிக்கொடுத்தவள். அந்தப் பேச்சுக்குப் பஞ்சாயத்து என்று பெயர் வைக்கலாம் என்பது என் எண்ணம். ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்ணின் வழக்கு வரும். பெண் நின்று பதில் சொல்வாள். ஆலமரத்தடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் இடம் மட்டும் அவளுக்குக் கிடையாது. கொட்டாயில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பெண்கள் அந்த இடத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். திரையில் ஒரு வழக்கு நடக்கும். கீழே இவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் இந்தப் பழக்கத்தைச் சினிமா வந்த பிறகு கற்றுக்கொள்ளவில்லை. இங்கே வருஷா வருஷம் ஒரு புருஷன் பெண்டாட்டிச் சண்டை நடுத்தெருவில் நடக்கிறது. மாட்டுப் பொங்கல் அன்று திருவூடல் திருவிழா. பிருங்கி முனிவர் சிவனை மட்டும்தான் கும்பிடுவார், அம்மனைக் கும்பிட மாட்டார். அப்படிப்பட்டவருக்குக் காட்சி கொடுக்க அண்ணாமலையார் கிளம்புகிறார். உண்ணாமுலையம்மன் போகக்கூடாது என்கிறாள். திருவூடல் தெருவில் இரண்டு சாமியும் முன்னும் பின்னுமாக ஆடி ஆடிச் சண்டை நடக்கும். சுந்தரமூர்த்தி நாயனார் இரண்டு பேருக்கும் நடுவே தூது போய் வருவார். சமாதானம் ஆகாது. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி அன்றைக்கு ராத்திரி குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் கிரிவலம் போய் வந்த பிறகுதான் மறுவூடல்.

தீபத் திருநாளன்று அர்த்தநாரீஸ்வரர் சில நிமிஷம் வெளியே வந்து போவதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். உடம்பில் பாதியைக் கொடுத்த அதே சாமிதான் பொங்கல் முடிந்த கையோடு பெண்டாட்டியை மதிக்காதவனுக்கு வரம் கொடுக்கப் போகிறது. இந்த முரண்பாடு திண்ணையில் உட்கார்ந்து திருவூடல் பார்க்கும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். "கதவச் சாத்தினது சரிதான். ஒரு நாள் வெளியில கெடக்கட்டும்" என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். "சாமிக்கே ஒரு நாள்தானா?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்பார். பக்திக்குக் குறைவில்லாமல், கன்னத்தில் போட்டுக்கொண்டே இந்தப் பேச்சு நடக்கும்.

சுற்றுப்பட்டு ஊர்களில் இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தது. திருவண்ணாமலை, செஞ்சி, ஆரணி, செய்யாறு வட்டாரம் திரௌபதியம்மன் கோயில்களின் நாடு. செஞ்சியை மையமாக வைத்து ஆல்ஃப் ஹில்டெபெய்டல் இந்த வழிபாட்டைப் பற்றிப் பெரிய ஆய்வே செய்திருக்கிறார். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து நடக்கும். துகிலுரியும் ராத்திரி, பெண் வேஷம் கட்டிய ஆண்தான் திரௌபதி. ஆனால் அவள் சபையில் கேட்கிற கேள்விக்கு முன்வரிசைப் பெண்கள் மூச்சுவிடாமல் காத்திருப்பார்கள். தன்னைத்தானே முதலில் தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்பதுதான் அந்தக் கேள்வி. பெரியவர்கள் நிறைந்த சபையில் யாரும் நேரான பதில் சொல்ல மாட்டார்கள். விடிந்து வீட்டுக்குப் போகும் பெண்கள் பீஷ்மரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே போவார்கள்.

ஆண்கள் நிறைந்த சபை, நடுவே கேள்வி கேட்கும் பெண், பதில் வராத அமைதி. இதே காட்சியைத் தமிழ் சினிமா கோர்ட்டுக்குள் கொண்டுபோனது. கல்கி எழுதி, கே. சுப்ரமணியம் இயக்கி 1939இல் வெளிவந்த 'தியாகபூமி' அதன் முதல் பெரிய உதாரணம். ஆனந்த விகடனில் படத்தின் புகைப்படங்களோடு தொடர்கதையாக வந்துகொண்டிருந்த கதை அது. புருஷன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட சாவித்திரி பணக்காரியாகத் திரும்பி வருகிறாள். இப்போது அவள் தன்னோடு வந்து வாழ வேண்டும் என்று புருஷன் கோர்ட்டுக்குப் போகிறான். எஸ்.டி. சுப்புலட்சுமி நடித்த சாவித்திரி மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். சென்னை மாகாணத்தில் இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து உரிமை தந்த சட்டம் 1949இல்தான் வந்தது. இந்தியா முழுமைக்கும் 1955இல். சட்டத்தில் இல்லாத வாசலைப் பத்து வருஷம் முன்னாலேயே திரையில் ஒருத்தி திறந்து காட்டினாள். காங்கிரஸ் பிரச்சாரம் இருந்ததால் அந்தப் படத்தை ஆங்கில அரசு பிற்பாடு தடைசெய்தது. படத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் தடையைப் பற்றி நிறைய எழுதினார்கள். வீட்டுக்குள் அந்தப் படம் கிளப்பியிருக்கக்கூடிய சண்டைகளைப் பற்றி எழுதவில்லை.

சாவித்திரி மறுத்த அந்த உரிமை, அதாவது சேர்ந்து வாழச் சொல்லி வழக்குப் போடும் உரிமை, இன்றும் இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவாக இருக்கிறது. அது பெண்ணின் உடல்மீதான அவளது உரிமையைப் பறிக்கிறது என்று ஆந்திர உயர்நீதிமன்றம் 1983இல் அந்தப் பிரிவையே செல்லாது என்றது. அந்த வழக்கில் புருஷனோடு போய் வாழ மறுத்தவர் ஒரு சினிமா நடிகை. மறு வருஷமே வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது.

எங்கள் ஊருக்கும் கோர்ட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1989 செப்டம்பர் வரை நாங்கள் வடஆற்காடு மாவட்டம். மாவட்டத் தலைநகர் வேலூர், சுமார் 80 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னையில்தான் திறந்தார்கள். அதற்கு முன்னால் அடிபட்ட பெண்ணுக்கு இருந்த வழிகள் மூன்று: தாய் வீடு, ஊர்ப் பஞ்சாயத்து, ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் போலீஸ் ஸ்டேஷன். மூன்றிலும் அவளுக்குக் கிடைக்கக்கூடிய தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான். பொறுத்துப் போ.

இந்த நிலையில்தான் கொட்டாய் முக்கியமாகிறது. டென்ட்டுக் கொட்டாயில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவே ஒரு தடுப்பு. மணலில் உட்கார வேண்டியதுதான். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவோம். ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். முறுக்கும் வேகவைத்த மல்லாட்டையும் வரும். ஒரு படத்துக்குள் மூன்று நான்கு முறை இப்படிக் கதை நின்றுபோகும். நிற்கும் ஒவ்வொரு முறையும் பேச்சு தொடங்கிவிடும். அவள் இனி என்ன செய்வாள், என்ன செய்ய வேண்டும், நீயாக இருந்தால் என்ன செய்வாய். விமர்சனம் படம் முடிந்த பிறகு வருவது என்று படித்தவர்கள் நினைக்கிறோம். அங்கே அது படத்தோடு கூடவே ஓடியது.

பெண்கள் தனியாகப் போனதில்லை. ஐந்தாறு பேராகத்தான் போவார்கள். இருட்டில் நீளும் கைகளுக்குப் பயந்துதான் இந்த ஏற்பாடு. ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவதும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. பாதுகாப்புக்காகச் சேர்ந்த கூட்டம் வாதாடுவதற்கான கூட்டமாகவும் ஆனது. டவுன் தியேட்டர்களில் பெண்களுக்குத் தனி கியூ இருந்தது. அது சீக்கிரம் நகரும் என்பதால் ஆண்கள் வந்து எங்களிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கித் தரச் சொல்வார்கள். நாங்கள் கெஞ்சப்படும் இடம் ஊரில் அது ஒன்றுதான்.

எங்கள் ஊரில் கோயில் ஒரு நல்ல சாக்கு. வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதிக்குப் போகிறேன் என்றால் யாரும் தடுக்க முடியாது. சந்நிதியில் பத்து நிமிஷம், மேட்னியில் மூன்று மணி நேரம். சிவராத்திரி இன்னும் பெரிய சலுகை. அடிமுடி தேடிய கதை நடந்த தலம் என்று சொல்லும் ஊரில் சிவராத்திரிக்குக் கண்விழிக்காமல் முடியுமா? தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் பலவும் அன்று விடிய விடியப் படம் ஓட்டின. ராத்திரி ஒரு மணிக்குப் பெண்கள் ஒரு சினிமாவைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டு தெருவில் நடந்தார்கள் என்றால், அதற்கு அனுமதி கொடுத்தது சாமிதான்.

இனி அந்தப் பேச்சுக்கு வருகிறேன். என் அம்மாவும் அவர் தோழிகளும் மண்டியில் மல்லாட்டை உரித்தவர்கள். படிக் கணக்கில் கூலி. கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பார்த்த படம் அடுத்த சனிக்கிழமை வரை அங்கே ஓடும். 1977இல் '16 வயதினிலே' வந்தபோது ஆனந்த விகடன் அதற்கு 62½ மதிப்பெண் கொடுத்தது. தமிழ் வாசகர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் மதிப்பெண் அது. மண்டியில் நடந்த விமர்சனம் வேறு இடத்தைப் பிடித்தது. டீச்சராக ஆசைப்பட்ட பெண் மயிலு. "அந்தப் புள்ளய டீச்சர் டிரெய்னிங் அனுப்பியிருந்தா டாக்டரும் இல்ல, பரட்டையும் இல்ல. கத அங்கயே முடிஞ்சிருக்கும்" என்றார் அம்மா. ஏழாவதோடு நிறுத்தப்பட்டவர் அவர். யாரும் அவரிடம், இது உன் கதையா என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த இடத்தின் மரியாதை. 'அவள்' என்று திரையைக் காட்டிப் பேசலாம். 'நான்' என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே வருஷம் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வந்தது. ஜெயகாந்தன் 1966இல் விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதையில், ஏமாற்றப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அம்மா சொல்லிவிடுகிறாள். அதைப் படித்துத் தமிழ்நாடே சண்டை போட்டது. அம்மா அப்படிச் சொல்லாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே எழுதிய நாவல்தான் இந்தப் படம். கங்காவாக நடித்த லட்சுமிக்கு தேசிய விருது கிடைத்தது. பத்திரிகையில் நடந்த சண்டை படித்தவர்களின் சண்டை. படம் வந்த பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெண்களும் அதற்குள் நுழைந்தார்கள். சினிமாவை ஏளனமாகப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். ஒரு விவாதத்துக்குள் நுழையத் தேவைப்பட்டது எழுத்தறிவு என்றிருந்த இடத்தில், தரை டிக்கெட் போதும் என்று ஆக்கியது சினிமா.

1984இல் இரண்டு படங்கள். ஒன்று 'விதி'. காதலித்து, கர்ப்பமாக்கி, பிறகு உன்னைத் தெரியாது என்கிறான் ஒருவன். அவள் கோர்ட்டுக்குப் போகிறாள். அவனுக்காக வாதாடுவது அவன் அப்பா, ஜெய்சங்கர். அவளுக்காக வாதாடும் வக்கீல் ஒரு பெண், சுஜாதா. ஆரூர்தாஸ் எழுதிய வசனம் கேசட்டாக வந்து ஊரெல்லாம் ஒலித்தது. கல்யாண வீடு, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, டீக்கடை என்று மைக் செட் கட்டிய இடமெல்லாம் கோர்ட் நடந்தது. பெண் குறுக்கு விசாரணை செய்வதை எங்கள் ஊர் முதலில் கேட்டது ஸ்பீக்கர் குழாய் வழியாகத்தான்.

குழந்தைக்குத் தகப்பன் பெயர் வேண்டும் என்பது அவள் கோரிக்கை. மண்டியில் இதற்கு இரண்டு கட்சி. "பேரு மட்டும் வாங்கி நாக்குல தேய்ச்சிக்கவா? துட்டு கேக்கணும்" என்றது ஒரு கட்சி. "துட்டு கேட்டா அதுக்குத்தான் படுத்தான்னு சொல்லுவானுங்க. பேரு கேட்டதுதான் சரி" என்றது இன்னொரு கட்சி. இதைச் சட்டப் புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் ஜீவனாம்சம் உண்டு என்று 1974 முதலே சொல்லிவந்தது. ஆனால் அதிகபட்சம் மாதம் 500 ரூபாய் என்ற வரம்பு 2001 வரை இருந்தது. துட்டா பேரா என்று மண்டியில் நடந்த வாதம், அந்தப் பிரிவின் உள்ளே இருந்த வாதம்தான். யாரும் அவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொன்று 'சிறை', அனுராதா ரமணனின் கதை. கெடுக்கப்பட்டவளைப் புருஷன் கைவிடுகிறான். அவள் நேராகக் கெடுத்தவன் வீட்டுக்குப் போய், இங்கேதான் இருப்பேன் என்று உட்கார்ந்துவிடுகிறாள். கடைசியில் புருஷன் திரும்பி வந்து கூப்பிடும்போது போக மறுக்கிறாள். இந்தப் படத்துக்குத் தீர்ப்பே வரவில்லை. புருஷன் முகத்தில் கதவைச் சாத்திய இடத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். உண்ணாமுலையம்மன் ஊர்க்காரர்கள் அல்லவா? ஆனால் கெடுத்தவனின் நல்ல குணத்தை அவள் கண்டுகொள்வதை என் பெரியம்மாவால் கடைசிவரை ஏற்க முடியவில்லை. "போக வேற வீடே இல்லாதவளுக்குக் கத எழுதினா இப்படித்தான் முடியும். ஒரு ஆம்பள வூடு இல்லன்னா இன்னொரு ஆம்பள வூடு" என்றார். பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று நான் பிற்பாடு புத்தகங்களில் படித்த வாதம் அது.

எல்லாத் தீர்ப்பும் நமக்குப் பிடித்தபடி வரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். 1989இல் 'புதிய பாதை' வந்தது. தன்னைக் கெடுத்தவனைத் தேடிப் போய், அவனையே கட்டிக்கொண்டு திருத்துகிறாள் நாயகி. தமிழின் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது, மனோரமாவுக்கும் விருது. எங்கள் தெருவில் பெரும்பாலான பெண்கள் அவள் பக்கம் நின்றார்கள். "ஒருத்தன் தொட்டுட்டான், இனி அவனக் கட்டினாத்தான் மானம்" என்று அழுதுகொண்டே சொன்னார்கள். எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் பூக்கட்டும் ஒரு அக்கா. "அவனத் திருத்துறதுக்கு அரசாங்கம் ஜெயிலு கட்டி வெச்சிருக்கு. இவ ஏன் சோறாக்கித் திருத்தணும்?" அன்றைக்கு அவர் தனியாள். பஞ்சாயத்தில் அவர் தோற்றார். 26 வருஷம் கழித்து, 2015இல், பாலியல் வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச வாய்ப்புக் கொடுத்தது சென்னை உயர்நீதிமன்றத்தின் ஓர் உத்தரவு. இப்படிப்பட்ட வழக்கில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்ன பிறகு, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பத்திரிகையில் படித்தபோது எனக்குப் பூக்கட்டும் அக்காவின் ஞாபகம்தான் வந்தது.

எல்லாப் பெண்களும் ஒரே மணலில் உட்கார்ந்தார்கள் என்று சொல்லி இதை அழகாக்கிவிடவும் கூடாது. பொதுக் கேளிக்கை இடங்களில் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு சொல்கிறது. டிக்கெட்டில் சாதி இல்லை. மணலில் இருந்தது. காலனியிலிருந்து வந்த பெண்கள் ஓரமாக, தனிக் கூட்டமாக உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பஞ்சாயத்தில் அவர்களை யாரும் சேர்த்துக்கொண்டதில்லை. 1990களில் நாட்டாமையும் கவுண்டரும் சொம்போடு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் படங்கள் வரிசையாக வந்தன. எங்கள் பக்கத்தில் அந்தத் தீர்ப்புகளுக்குக் கண்ணீர் விட்டார்கள். பிறகு கல்லூரியில் என்னோடு வேலை பார்த்த, அந்த ஓரத்தில் உட்கார்ந்து வளர்ந்த ஒரு தோழி சொன்னார்: "எங்க அம்மா அந்தப் படத்துல பாதியில எழுந்து வந்துட்டாங்க. நாட்டாம வூட்டு வாசல்ல நின்ன ஞாபகம் அவங்களுக்கு இருந்துச்சு." ஒரே படத்துக்கு ஒரே கொட்டாயில் இரண்டு தீர்ப்பு. இரண்டாவது தீர்ப்பு எங்கள் காதில் விழாத தூரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

டென்ட்டுக் கொட்டாய்கள் போய்விட்டன. 1993இல் சன் டிவி வந்தது; சில வருஷங்களில் சீரியல் வந்தது. வழக்கு வீட்டுக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் மாமியாரும் புருஷனும் உட்கார்ந்திருக்கும்போது அவரவர் தீர்ப்பை அவரவர் விழுங்க வேண்டியதாயிற்று. இப்போது படம் கைப்பேசியில், காதில் செருகிய ஒயரில் ஓடுகிறது. மலையாளத்தில் 2021இல் வந்து, தமிழில் 2023இல் மறுபடி எடுக்கப்பட்ட 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' படத்தை என் மாணவிகள் பலரும் ராத்திரி போர்வைக்குள் தனியாகப் பார்த்தார்கள். அந்த எச்சில் தட்டுகளையும் அடைத்துக்கொண்ட சிங்க்கையும் தனியாகப் பார்ப்பது வேறு. பார்த்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவளிடம், இவன் உங்க வூட்டுக்காரன் மாதிரியே இல்ல என்று கேட்க முடிவது வேறு.

பஞ்சாயத்து முழுக்கக் கலைந்துவிடவில்லை. நூறு நாள் வேலையில் ஏரி மண்ணை அள்ளிவிட்டு மர நிழலில் உட்காரும்போது நடக்கிறது. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும், அங்கேயும் நடக்கிறது. எல்லாவற்றையும் விடப் பௌர்ணமி கிரிவலத்தில் நடக்கிறது. 14 கிலோமீட்டர், நான்கைந்து மணி நேரம், ராத்திரி, பெண்கள் கூட்டம் கூட்டமாக. நமசிவாயத்துக்கு இடையில் போன வாரம் பார்த்த படம். ஓர் இளம் பெண் தன் அண்ணியிடம், "அவ டைவர்ஸ் வாங்கினது சரி. ஆனா வூட்ட ஏன் வுட்டுக்குடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே என்னைக் கடந்து போனாள். எந்தப் படம் என்று எனக்குத் தெரியவில்லை. கேள்வி என் பெரியம்மாவுடையது.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை. உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ, பிடித்த படம் எது, பிடித்த நடிகர் யார் என்று கேட்காதீர்கள். அதற்குப் போஸ்டரில் போட்ட பதில்தான் வரும். எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உங்களுக்குள் சண்டை வந்தது, யார் எந்தப் பக்கம் நின்றார்கள், அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், யாரோடு போனீர்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள், ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று கேளுங்கள். வருஷம் ஞாபகம் இல்லை என்பார்கள்; படத்தின் பெயர் கிடைத்தால் வருஷத்தை நாம் கண்டுபிடித்துவிடலாம். அவர்கள் சொன்ன தீர்ப்பை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். மண்டியில் மல்லாட்டை உரித்தவர்களில் இன்னும் நான்கு பேர் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். மூத்தவருக்கு 84 வயது. அடுத்த வாரம் அவரிடம் 'சிறை' பற்றி மறுபடியும் கேட்கப் போகிறேன்.